காலையும் மாலையும் பிரிந்து தெரிய வேண்டும்: வெள்ளவத்தை மருந்தகம் ஒன்றுக்கு எழுத்துரு தெரிவு செய்த விதம்

கொழும்பில் மும்மொழி வடிவமைப்பு வேலை என்றால் பெரும்பாலும் நடப்பது இதுதான். ஆங்கில எழுத்துரு முதலில் முடிவாகும். இலச்சினை அதில் வரையப்படும். நிறம், இடைவெளி, தடிப்பு எல்லாம் அதையொட்டியே தீர்மானிக்கப்படும். வேலை முடியும் தறுவாயில், இதற்குப் பொருத்தமான சிங்கள, தமிழ் எழுத்துகளையும் போட்டுவிடுங்கள் என்று ஒரு வரி வந்துசேரும். வெள்ளவத்தையில் காலி வீதியிலும் கொட்டாஞ்சேனையிலும் கடை வைத்திருக்கும் ஒரு மருந்தகத்துக்காக அண்மையில் செய்த வேலையில் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கினோம். தமிழிலிருந்து தொடங்கினோம், அதிலும் முன்பலகையை விட்டுவிட்டு, மருந்து உறையில் ஒட்டும் மிகச் சிறிய லேபிளிலிருந்து தொடங்கினோம். அதன் காரணங்களும் வழியில் எடுத்த முடிவுகளும் இதே வகை வேலையில் இருப்பவர்களுக்கு உதவும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

கையில் கிடைத்த நிலைமை

முன்பலகை, கடைக்குள் தொங்கும் அறிவிப்புகள், குளிசை போட்டுக் கொடுக்கும் கடதாசி உறை, உறையின் மேல் ஒட்டும் லேபிள் ஆகிய நான்கையும் புதிதாக்க வேண்டும் என்பதே கோரிக்கை. முன்னதாக ஒரு விளம்பர நிறுவனம் இலச்சினையையும் பாணிக் கையேட்டையும் செய்து கொடுத்திருந்தது. வட்டமும் நேர்கோடுமாக அமைந்த மெல்லிய ஆங்கில எழுத்து. பார்க்க நேர்த்தியாக இருந்தது. கையேட்டில் சிங்களத்துக்கும் தமிழுக்கும் ஒரு பக்கம்கூட இல்லை.

பழைய உறைகளில் தமிழ் பாமினி என்ற எழுத்துருவில் இருந்தது. பாமினியை இலங்கையில் அறியாதவர் இல்லை. திருமண அழைப்பிதழ், மரண அறிவித்தல், கோயில் துண்டுப்பிரசுரம் என்று ஒரு தலைமுறை முழுவதும் அதில்தான் வாசித்தது. ஆனால் அது ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். தமிழில் தேடினால் எதுவும் அகப்படாது. மருந்தகத்தின் மென்பொருளோ யூனிகோட் தமிழைத்தான் ஏற்கும். ஆகவே பாமினியின் வடிவம் பிடிக்குமா பிடிக்காதா என்ற பேச்சுக்கே இடமில்லாமல் அது பட்டியலிலிருந்து விலகியது.

அங்கே மருந்து வாங்க வருபவர்களில் முதியவர்கள் அதிகம். பலருக்குப் பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டில் படித்துச் சொல்ல ஆளில்லை. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வருபவர்களும் உண்டு. அவர்கள் அந்த உறையைப் பிறகு வாசிக்கப்போவது சமையலறையில், இரவு வேளையில், மங்கலான வெளிச்சத்தில்.

முதலில் சொற்கள்

எழுத்துருப் பட்டியலைத் திறப்பதற்கு முன் மருந்தாளரோடு உட்கார்ந்து, லேபிளில் வரக்கூடிய எல்லாச் சொற்களையும் மூன்று மொழியிலும் திரட்டினோம். காலை, பகல், மாலை, இரவு. சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின். ஒரு குளிசை, அரைக் குளிசை. நன்றாகக் குலுக்கவும். குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும். வெளிப் பாவனைக்கு மட்டும்.

பட்டியலைப் பார்த்தவுடனேயே விடயம் புலப்பட்டது. காலைக்கும் மாலைக்கும் இடையில் வேறுபடுவது முதல் எழுத்து மட்டும். மீதி அப்படியே ஒன்று, நீளமும் ஒன்று. முன், பின் என்ற இரண்டும் அதே மாதிரி, ஒரே வாலோடு முடிகின்றன. பழகிய வாசகர் சொல்லை எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படிப்பதில்லை, அதன் மொத்த உருவத்தைப் பார்த்துக் கடந்துபோகிறார். இந்தச் சோடிகளில் மொத்த உருவம் கைகொடுக்காது. ககரமும் மகரமும் தம்முள் எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். ஓர் அழகுசாதனக் கடையின் பலகைக்கு இந்தக் கேள்வி எழவே எழாது. மருந்துக்கு இதுதான் முதற்கேள்வி.

வேறு சில இடங்களையும் குறித்துக்கொண்டோம். ரகரமும் துணைக்காலும் பல எழுத்துருக்களில் கிட்டத்தட்ட ஒரே கோடு. ரகரத்தின் அடியிலுள்ள சாய்வு மட்டுமே வேறுபாடு. ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் பிரிப்பது ஒரு சிறு சுழி. ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்ற தொடரில் ஐந்து மெய்ப்புள்ளிகள் இருக்கின்றன. அவை மறைந்தால் சொல் கலைந்துபோகும். ணகரத்தின் சுழிகள் மை பரவினால் அடைபடும்.

இந்தச் சொற்களை மட்டும் கொண்டு ஒரு சோதனைத் தாள் தயாரித்தோம். எழுத்துரு விற்பவர்களும் விநியோகிப்பவர்களும் காட்டும் மாதிரி வாக்கியங்களை நாங்கள் பொருட்படுத்தவில்லை. ‘அகர முதல’ என்று எழுதிக் காட்டினால் எந்த எழுத்துருவும் அழகாகத்தான் இருக்கும்.

லேபிள் அச்சுப்பொறி சொன்ன தீர்ப்பு

கவுண்டரில் இருந்தது, சூட்டினால் தாளில் எழுத்தைப் பதிக்கும் 203 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 203 டொட், அதாவது அச்சுப் புள்ளி) வெப்ப அச்சுப்பொறி. அதாவது ஒரு மில்லிமீற்றருக்கு 8 டொட். லேபிள் 50 மி.மீ. அகலம், 25 மி.மீ. உயரம். விளம்பர நிறுவனத்தின் மாதிரியில் தமிழ் 7 பாயிண்டில் இருந்தது. 7 பாயிண்ட் என்பது ஏறத்தாழ 2.5 மி.மீ. அதற்குள் எழுத்தின் மேலும் கீழும் சேரும் மேல்விலங்கு, கீழ்விலங்கு, புள்ளி எல்லாம் அடங்க வேண்டும். ஆகவே முழு உயரத்துக்கும் கிடைப்பது 20 டொட்; ககரத்தின் உடலுக்கு மட்டும் மிஞ்சுவது அதில் பாதியளவு. மெய்ப்புள்ளிக்கு இரண்டு டொட் கிடைத்தால் பெரிய காரியம். மெல்லிய எடையில் (எடை என்பது எழுத்துக் கோட்டின் தடிப்பு) கோடு ஒரு டொட்டுக்கும் குறைவாகப் போகும்போது அச்சுப்பொறி அதைச் சில இடங்களில் போடும், சில இடங்களில் விட்டுவிடும்.

கணினித் திரையில் இது எதுவுமே தெரியாது. திரையில் பெரிதாக்கிப் பார்த்து எழுத்துரு முடிவு செய்யும் வழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

லேபிள்களை அதே அச்சுப்பொறியில், உண்மையான அளவில் அடித்து, கடையின் குழல் விளக்கின் கீழ் வாடிக்கையாளர்களிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னோம். மெல்லிய எடை மாதிரியைக் கையில் வாங்கிய அம்மா ஒருவர் அதைக் கொஞ்ச நேரம் தள்ளியும் கிட்டப் பிடித்தும் பார்த்துவிட்டு, "தம்பி, இதில் மாலை என்று இரண்டு தரம் எழுதியிருக்கிறதே" என்றார். முதலாளியும் பக்கத்தில்தான் நின்றார். இலச்சினையின் மெல்லிய கோடு லேபிளிலும் வர வேண்டும் என்று அதுவரை வற்புறுத்தியவர், அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

தடித்த எடையும் சரிவரவில்லை. வெப்ப அச்சில் கருமை அளவைக் கூட்டினால் கோடுகள் வீங்குகின்றன. ணகரத்தின் சுழிகள் அடைபட்டுக் கறுப்புப் பொட்டாகின்றன. சாதாரண எடைக்கும் தடித்த எடைக்கும் நடுவிலுள்ள மீடியம்தான் இந்த அச்சுப்பொறிக்குப் பொருந்தியது. ஆகவே அந்த எடை இருக்கும் எழுத்துருக் குடும்பங்கள் மட்டுமே களத்தில் நின்றன. லதா என்ற எழுத்துருவில் சாதாரணமும் தடித்ததும் மட்டும். மீரா இனிமை ஒரே எடையில் கிடைப்பது. இரண்டும் அங்கேயே கழிந்தன.

எடையைவிடப் பெரிய மாற்றம் எழுத்துருவோடு சம்பந்தமே இல்லாத ஒன்று. அந்தச் சிறு லேபிளில் மூன்று மொழியையும் அடைப்பதால்தான் 7 பாயிண்டுக்கு இறங்க வேண்டியிருந்தது. மருந்துகளின் பெயர் எப்படியும் ஆங்கிலத்தில்தான் வரும். அதை எப்படி எடுப்பது என்பதை வாங்குபவருக்குத் தெரிந்த ஒரு மொழியில் எழுதினால் போதாதா என்று மருந்தாளரிடம் கேட்டோம். கவுண்டரில் நிற்பவர் மொழியைக் கேட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் முடிந்தது. தமிழ் 9 பாயிண்டுக்கு உயர்ந்தது. உயரத்துக்கு 25 டொட். மும்மொழி என்பதை எல்லாவற்றிலும் எல்லாம் என்று எடுத்துக்கொள்வதால்தான் எத்தனையோ அறிவிப்புகளில் மூன்று மொழிக்காரரும் கண்ணைச் சுருக்கிப் படிக்கிறார்கள். கடை மூன்று மொழியிலும் பேச வேண்டும். ஒருவர் கையில் கொடுக்கும் துண்டு அவருடைய மொழியில் தெளிவாகப் பேசினால் போதும்.

இன்னொன்றையும் மருந்தாளர் தாமாகவே முன்வந்து மாற்றினார். நாளுக்கு இரண்டு வேளை என்று மருத்துவரின் மருந்துத் துண்டில் இருந்தால், அவர் வேறுவிதமாகக் குறிப்பிடாத இடத்தில், லேபிளில் காலை, இரவு என்றே வரும். மாலை என்ற சொல் உண்மையிலேயே தேவைப்படும் மருந்துக்கு மட்டும் வரும். பின்னத்தைக் குறியாகப் போடாமல் ‘அரை’ என்று எழுத்தில் எழுதினோம். அந்தச் சிறிய ஒன்றும் இரண்டும் வெப்ப அச்சில் ஒரு கறையாகத்தான் விழுந்தன.

களத்தில் நின்றவை

மீடியம் எடை இருந்து, மேசை வரை வந்த தமிழ் எழுத்துருக்கள் நான்கு: நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கட்டமரான். நான்குமே எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைப்பவை. வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம், அச்சகத்துக்குக் கோப்போடு கொடுக்கலாம், இணையத்தளத்திலும் வைக்கலாம். விண்டோஸோடு வரும் நிர்மலா யூஐ தமிழையும் சிங்களத்தையும் ஒருங்கே தாங்குவது. கவுண்டர் கணினிகளில் ஏற்கெனவே இருந்தது. ஆனால் அதன் கோப்பை எடுத்து அச்சகத்துக்கு அனுப்பவோ இணையத்தில் ஏற்றவோ அந்த உரிமம் இடம் தராது. உரிமத்தைக் கடைசியில் பார்க்கும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. எனக்கு அது முதல் வடிகட்டி.

நான்கும் நல்ல எழுத்துருக்கள். எதையும் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரான் தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே கையெழுத்துப் போலச் சேர்த்து வைக்கிறது. முக்தா மலரும் ஹிந்த் மதுரையும் பத்தி பத்தியாக வாசிக்க இதமானவை. இந்த வேலையைப் பொறுத்தவரை தீர்ப்பு சிங்களப் பக்கத்திலிருந்து வந்தது. மேற்சொன்ன மூன்றிலும் சிங்களம் இல்லை. இந்தியாவில் உருவாகும் பன்மொழிக் குடும்பங்கள் பலவற்றில் பத்து எழுத்துமுறைகள் இருந்தாலும் சிங்களம் விடுபட்டிருக்கும். கொழும்பில் வேலை செய்பவருக்கு இது அன்றாடத் தலைவலி. சிங்களத்துக்கென்று கொழும்பிலேயே உருவான அபய லிப்ரே போன்ற சிறந்த எழுத்துருக்கள் உண்டு. அதன் தடிப்பும் மெலிவும் மாறிமாறி வரும் கோடு புத்தகத்துக்கு ஏற்றது, வெப்ப அச்சுக்கு ஏற்றதல்ல. நோட்டோவில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் ஒரே தொகுதியாக, ஒன்பது எடைகளிலும் கிடைக்கின்றன. லேபிளுக்கும் உறைக்கும் உள் அறிவிப்புகளுக்கும் அதையே எடுத்தோம்.

ஒரே தொகுதி என்பதற்காக ஒரே பாயிண்டில் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கக் கூடாது. சிங்கள எழுத்தின் மேலும் கீழும் குறிகள் அடுக்காக வருவதால் அதற்கு வரி இடைவெளி கூடுதலாக வேண்டும். ஆங்கிலச் சிற்றெழுத்தின் உடல் உயரத்தைவிடத் தமிழ்ப் பகரத்தின் உயரம் கொஞ்சம் கூடுதலாக நின்றால்தான் கண்ணுக்கு மூன்றும் சமமாகத் தெரியும். மூன்று மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் அடித்து, தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தோம். சொல்லை வாசிக்க முடியாதபோது கருமையின் அளவு மட்டும் கண்ணில் படும். எது துருத்திக்கொண்டு நிற்கிறதோ அதைச் சற்றுக் குறைத்தோம். இலக்கங்களை மட்டும் மூன்று மொழி லேபிளிலும் நோட்டோவின் ஆங்கில எழுத்துருவிலிருந்தே எடுத்தோம்; 6, 8 என்ற இரண்டும் மொழிக்கு ஒரு வடிவத்தில் வருவது மருந்துக்கு ஒவ்வாது.

நீளமான தொடர்களுக்கு ஒரு வார்த்தை. ‘குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும்’ என்பது அகலத்துக்குள் அடங்காவிட்டால், பலர் செய்வது எழுத்தை இருபக்கமும் அமுக்கிக் குறுக்குவது. அப்படிச் செய்தால் நிற்கும் கோடுகள் மெலியும், படுத்திருக்கும் கோடுகள் அப்படியே தடித்து நிற்கும். ககரமும் மகரமும் ஒன்றையொன்று நெருங்கும். நோட்டோ சான்ஸ் தமிழில் ஒடுங்கிய அகலங்கள் வடிவமைப்பாளரின் கையாலேயே வரையப்பட்டிருக்கின்றன; அவற்றில் அதிகம் ஒடுங்காத ஒன்றை அந்தத் தொடர்களுக்கு மட்டும் பயன்படுத்தினோம். அதற்கும் அடங்காததை இரண்டு வரியாக்கினோம். தமிழ்ப் பத்திரிகைகளில் சொல்லை எங்கும் உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவது வழக்கம்தான். மருந்து லேபிளில் சொல் முழுதாகவே நிற்க வேண்டும் என்று விதி வைத்தோம்.

முன்பலகை

இங்கே கதை வேறு. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியானது. அரச அலுவலகப் பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்ற வரிசை மக்களுக்குப் பழகிய ஒன்று. முதலாளி அதே வரிசையைக் கேட்டார், மூன்றும் ஒரே உயரத்தில். இலச்சினை மட்டும் தன் மெல்லிய ஆங்கிலத்தில் தனியாக நிற்கும்.

பலகையில் தமிழுக்குக் கட்டமரானை எடுத்தோம். காலி வீதியில் பஸ்ஸிலிருந்து பார்ப்பவருக்கு அந்த எழுத்தின் விரிந்த வட்டங்கள் நன்றாகப் பிடிபடும். இலச்சினையின் வடிவத்தோடும் ஒத்துப்போகும். எடையை மட்டும் இலச்சினையினதைவிட நன்றாக உயர்த்தினோம். சிங்களத்துக்கு நோட்டோவின் தடித்த எடையே தொடர்ந்தது. ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு 10 அடித் தூரத்துக்கு 1 அங்குலம் என்று பலகைக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதை அப்படியே தமிழுக்கு எடுத்துவிடக் கூடாது. தமிழில் ஒரே உயரத்துக்குள் கோடுகளும் சுழிகளும் கூடுதல். அதன்மேல் புள்ளியும் விலங்கும் வேறு.

எழுத்துகளை அக்ரிலிக்கில் வெட்டித் தனித்தனியாக ஒட்டுவதே முதல் திட்டம். கடையின் பழைய பலகையைப் பார்த்தபோது அதில் ‘மருந்தகம்’ என்பதன் கடைசிப் புள்ளி விழுந்து ‘மருந்தகம’ என்று நின்றது. மெய்ப்புள்ளி உடலோடு ஒட்டாத தனித்துண்டு. ஒரு நாணயமளவு அக்ரிலிக்கை இரட்டைப் பசைநாடாவில் ஒட்டிவைத்தால், கடற்காற்றும் வெயிலும் சேர்ந்து அதைத்தான் முதலில் கழற்றும். ஆகவே தமிழ்ச் சொல் முழுவதையும் ஓர் ஒடுங்கிய பின்தகட்டின் மேல் ஏற்றி, புள்ளிகளைத் திருகாணியால் பிணைத்தோம். புள்ளியின் அளவையும் எழுத்துருவில் உள்ளதைவிடக் கொஞ்சம் பெரிதாக்கினோம். இலச்சினையில் கையை வைக்காதீர்கள் என்று சொல்பவர்கள்கூட இதை எதிர்க்கவில்லை.

கண்ணாடிக் கதவில் ஒட்டும், வைனல் (பிளாஸ்டிக்) தாளில் வெட்டிய எழுத்துகளுக்கு இன்னொரு கவனம் வேண்டியிருந்தது. எடையை விரும்பியபடி மாற்றக்கூடிய வேரியபிள் எழுத்துருக்களில் ஓர் எழுத்தின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பது வழக்கம். அச்சில் அது தெரியாது. வெட்டும் இயந்திரம் அந்தக் கோடுகளையெல்லாம் வெட்டிவிடும். எழுத்தின் நடுவில் கீறல் விழும். அனுப்புவதற்கு முன் எல்லா வடிவங்களையும் ஒன்றாக இணைத்துவிட வேண்டும்.

அச்சகம்

உறைகளை அடித்த அச்சகத்தில் கோப்பைத் திறப்பவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இது குறையாகச் சொல்லப்படுவதல்ல. கொழும்பில் பெரும்பாலான தமிழ் அச்சு வேலையின் இயல்பு இதுதான். ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் வந்து நின்றால் அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? பக்க வடிவமைப்பு மென்பொருளான அடோபி இன்டிசைனில், இத்தகைய எழுத்துகளை ஒழுங்காக அடுக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போஸர் தெரிவாகாமல் இருந்தால் தமிழுக்கு நேர்வது இதுதான். சிங்களத்தில் வேறொரு சிக்கல். கூட்டெழுத்துகளைச் சேர்த்து வைப்பது கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறி. ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு ஒட்டும்போது அது சில வேளைகளில் உதிர்ந்து, எழுத்து இரண்டாகப் பிரிந்துவிடும்.

ஆகவே அச்சகத்துக்குப் போன எல்லாக் கோப்பிலும் எழுத்துகளை வடிவக் கோடுகளாக மாற்றிவிட்டோம். கூடவே, சரியான தோற்றத்தைக் காட்டும் படமொன்றும் போனது. கோப்பும் படமும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பார்க்க மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. திருத்தக்கூடிய மூலக்கோப்பு எழுத்துருக்களோடு மருந்தகத்திடம் இருக்கிறது.

வேலை முடிந்தபின்

கவுண்டர் கணினிகளில் நோட்டோவை நிறுவினோம். ஒருநாள் யாராவது கணினியைப் புதிதாக்கினால் அது போய்விடும். விண்டோஸ் சத்தமில்லாமல் நிர்மலாவைப் போட்டு அச்சிடும். அதனால் லேபிள் அமைப்பை நிர்மலாவிலும் அடித்துப் பார்த்து, வரிகள் வெட்டுப்படாமல் இருக்கும்படி இடம் விட்டோம். லேபிள் தாளையும் மாற்றச் சொன்னோம். நேரடி வெப்பத் தாள் கொழும்பு வெக்கையில் கறுத்தோ மங்கியோ போகும். மாதக்கணக்கில் எடுக்கும் மருந்துகளுக்கு ரிப்பன் வைத்து அச்சிடும் முறைக்கு மருந்தகம் மாறியது.

மருந்தாளர் சொன்ன வகையில், கவுண்டருக்குத் திரும்பி வந்து இது எந்த வேளைக்கு என்று கேட்பவர்கள் குறைந்திருக்கிறார்கள். நான் இதை எண்ணி அளந்த முடிவாகச் சொல்லவில்லை. அவருடைய அனுபவம் அது. புதிய சொல் எதையும் லேபிளில் சேர்க்கும் முன் சோதனைத் தாளின் அடியில் அதை அச்சிட்டு, கவுண்டரில் நிற்கும் இரண்டு பேரிடமாவது வாசிக்கக் கொடுக்கும் வழக்கத்தை அவரே ஏற்படுத்திக்கொண்டார்.

பற்றுச்சீட்டு மட்டும் இன்னும் ஆங்கிலத்திலேயே வருகிறது. பற்றுச்சீட்டு அச்சுப்பொறி தன்னுள் இருக்கும் எழுத்துருவை மட்டுமே பயன்படுத்துகிறது. அதில் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. பற்றுச்சீட்டை ஒரு படமாக ஆக்கி அனுப்பும்படி மென்பொருளை மாற்றினால் இது தீரும். அதற்கான சொற்பட்டியலையும் எழுத்துரு அளவுகளையும் மென்பொருள் செய்பவர்களிடம் கொடுத்திருக்கிறோம். அவர்கள் அடுத்த பதிப்பில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.